நெருக்கமான நகரத்தில் வெளிச்சமும் வெயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிச்சம், வெயில் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. வெயில் என்பது சூரியனிலிருந்து நேராக வந்து விழுவது. அதற்குத் திசை, நேரம், பருவம் மூன்றும் ஒத்து வர வேண்டும். வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. எந்தத் திசை ஜன்னலாக இருந்தாலும் வானம் தெரிந்தால் வெளிச்சம் உண்டு. வெயிலை மணிக்கணக்கிலும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற ஒளி அலகிலோ சதவீதத்திலோ சொல்வார்கள். உச்சிவெயிலில் வெளியே ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். நன்றாக மேகம் மூடிய பகலில்கூட 10,000 லக்ஸ் வரை இருக்கலாம். இரவில் விளக்கு எரியும் வீட்டு அறையில் பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ்தான்.

வீடு வாங்குபவர்கள் "காலையில் வெயில் வருமா?" என்று கேட்கிறார்கள். "உட்கார்ந்த இடத்திலிருந்து வானம் எவ்வளவு தெரியும்?" என்று கேட்பவர்கள் குறைவு. நாள் முழுவதும், வருடம் முழுவதும் அறை எப்படி இருக்கும் என்பதை இரண்டாவது கேள்விதான் தீர்மானிக்கிறது.

ஜன்னலுக்குப் போதிய வானம் கிடைக்கிறதா என்பதை நாமே அளக்க முடியுமா?

முடியும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பாகைமானி ஒன்று, உறிஞ்சுகுழல் ஒன்று, நூல், நூலில் கட்ட ஒரு நட்டு. இவ்வளவு போதும்.

1. பாகைமானியின் நேர்விளிம்பில் உறிஞ்சுகுழலை ஒட்டுங்கள். நடுத்துளையில் நூலைக் கட்டி, நுனியில் நட்டைத் தொங்கவிடுங்கள்.
2. ஜன்னலின் நடு உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, முடிந்தவரை சுவரின் வெளிமுகத்தை ஒட்டி நில்லுங்கள்.
3. குழல் வழியே எதிர்க்கட்டடத்தின் உச்சி விளிம்பைப் பாருங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர், தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை ஆகியவை அகலமாக இருந்தால் அவற்றின் உச்சியே கணக்கு.
4. நூல் எந்தப் பாகையில் நிற்கிறது என்று படியுங்கள். அந்த எண்ணுக்கும் 90க்கும் உள்ள வித்தியாசம்தான் மறைப்புக் கோணம்.
5. நேர் எதிரே ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் திறந்திருந்தால் நிலைமை நடுக்கோணம் சொல்வதைவிட நன்றாகவே இருக்கும்.

கிடைத்த எண்ணை எப்படிப் படிப்பது? பிரிட்டனில் கட்டட ஆராய்ச்சி நிறுவனமான பிஆர்இ வெளியிட்ட வழிகாட்டி இதற்கு நல்ல அளவுகோல். கோணம் 25 பாகைக்குள் இருந்தால் சாதாரண ஜன்னலே போதும். 25 முதல் 45 வரை என்றால் ஜன்னலைப் பெரிதாக்கவோ அறை அமைப்பை மாற்றவோ வேண்டியிருக்கும். 45 முதல் 65 வரை என்றால் மிகப் பெரிய ஜன்னல் வைத்தாலொழியப் போதிய வெளிச்சம் கடினம். 65ஐத் தாண்டிவிட்டால் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கினாலும் பெரும்பாலும் பலிக்காது. இந்தப் படிகள் மேகமூட்டமான வானத்தை வைத்துப் போட்டவை. வெயில் மிகுந்த ஊர்களில் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி ஓரளவு ஈடுசெய்யும். ஆனாலும் 65 பாகைக்கு மேல் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

ஒரே கட்டடத்தில் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

எதிரே 9 மீட்டர் தள்ளி 30 மீட்டர் உயரக் கட்டடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரைத்தள ஜன்னலின் நடுப்புள்ளி 1.5 மீட்டரில் இருந்தால் மறைப்புக் கோணம் ஏறத்தாழ 72 பாகை. நான்காம் மாடியில், அதாவது 13.5 மீட்டரில், 61 பாகை. ஏழாம் மாடியில், 22.5 மீட்டரில், 40 பாகை. முதல் நான்கு மாடி ஏறியும் 11 பாகைதான் குறைகிறது. அடுத்த மூன்று மாடியில் 21 பாகை குறைந்துவிடுகிறது. "கொஞ்சம் மேலே போனால் சரியாகிவிடும்" என்று இரண்டாம் மாடி வீட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

பெரிய ஜன்னல் வைத்தால் தீர்ந்துவிடாதா?

ஓரளவுதான். பல நாட்டு விதிகள் ஜன்னல் பரப்பைத் தரைப்பரப்பின் பங்காகச் சொல்கின்றன: எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று என்று. இந்த வகை விதியில் பெரிய ஓட்டை இருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளி எதிர்ச்சுவரைப் பார்க்கும் ஜன்னலும் கடலைப் பார்க்கும் ஜன்னலும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

ஜப்பானியச் சட்டம் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அங்கே ஜன்னல் பரப்பு அப்படியே கணக்கில் சேராது. குடியிருப்புப் பகுதியில், ஜன்னலிலிருந்து மனை எல்லைக்குள்ள தூரத்தை, ஜன்னல் நடுவிலிருந்து அதற்கு மேலே உள்ள கட்டட விளிம்பு வரையிலான உயரத்தால் வகுத்து, 6ஆல் பெருக்கி, 1.4ஐக் கழித்து வரும் எண்ணால் ஜன்னல் பரப்பைப் பெருக்குவார்கள். எல்லை 1.5 மீட்டர், மேலே 6 மீட்டர் கட்டடம் என்றால் விடை 0.1. இரண்டு சதுர மீட்டர் ஜன்னல் அங்கே 0.2 சதுர மீட்டராகத்தான் எண்ணப்படும்.

உங்கள் அறைக்குக் கணக்குப் போட வேண்டுமானால் சராசரி பகலொளிக் காரணி என்ற சூத்திரம் இருக்கிறது. மேகமூட்டமான நாளில் வெளியே உள்ள ஒளியில் எத்தனை சதவீதம் அறைக்குள் வருகிறது என்பதை அது சொல்லும். கண்ணாடியின் நிகர ஊடுருவல் × கண்ணாடிப் பரப்பு × தெரியும் வானக்கோணம்; இதை அறையின் மொத்த உட்பரப்பு × (1 − சராசரி எதிரொளிப்பின் வர்க்கம்) என்பதால் வகுக்க வேண்டும். ஊடுருவல் என்பது கண்ணாடி உள்ளே விடும் ஒளியின் பங்கு; எதிரொளிப்பு என்பது சுவர், தரை, கூரை தம்மேல் விழும் ஒளியில் திருப்பி அனுப்பும் பங்கு. நேர்ச்சுவர் ஜன்னலுக்கு வானக்கோணம் என்பது 90லிருந்து மறைப்புக் கோணத்தைக் கழித்தது.

எடுத்துக்காட்டு: 4 × 3 மீட்டர் அறை, உயரம் 2.8 மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 63.2 சதுர மீட்டர். கண்ணாடி 1.8 சதுர மீட்டர், அழுக்கையும் சேர்த்து ஊடுருவல் 0.72, எதிரொளிப்பு 0.5. மறைப்பு 25 பாகை என்றால் விடை 1.8 சதவீதம். மறைப்பு 60 பாகை என்றால் 0.8 சதவீதம். 2 சதவீதத்துக்குக் கீழே போனால் பகலிலும் விளக்கைத் தேடும் அறை. 5 சதவீதம் என்றால் பகலில் விளக்கே தேவைப்படாது.

இப்போது அதே 60 பாகை அறையில் ஜன்னலைத் தொடாமல், எதிரொளிப்பை மட்டும் 0.5லிருந்து 0.7க்கு உயர்த்துங்கள். விடை 1.2 சதவீதம். ஏறத்தாழ பாதிக்குப் பாதி கூடுதல் ஒளி, வெறும் பெயிண்டிலும் தரையிலும் கிடைத்தது. ஆனால் சுவரை மட்டும் வெள்ளையாக்கி, தரையையும் அலமாரியையும் அடர்பழுப்பில் விட்டால் சராசரி 0.7க்கு வராது.

ஜன்னல் ஓரம் பரவாயில்லை; அறையின் பின்பகுதி மட்டும் குகை மாதிரி இருக்கிறதே?

அந்தப் பின்பகுதியிலிருந்து வானமே தெரியாது என்பதுதான் காரணம். எதிர்க்கட்டடத்தின் உச்சியிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு அறைக்குள் ஒரு நேர்கோடு இழுங்கள். அது மேசை உயரத்தை, அதாவது தரையிலிருந்து 0.85 மீட்டரை, எங்கே தொடுகிறதோ அதுவரைதான் வானொளி. அதற்குப் பின்னால் கிடைப்பதெல்லாம் சுவரில் பட்டுத் தெறித்த மிச்சம்.

ஜன்னலின் மேல்விளிம்பு 2.1 மீட்டரில் இருந்தால், அந்த விளிம்பிலிருந்து பார்க்கும்போது மறைப்பு 25 பாகையானால் வானொளி 2.7 மீட்டர் ஆழம் வரை போகும். 45 பாகையில் 1.25 மீட்டர். 60 பாகையில் 0.7 மீட்டர்தான். இதே ஜன்னலை 2.6 மீட்டர் வரை உயர்த்தினால் 60 பாகையிலும் ஒரு மீட்டர் கிடைக்கும். ஆகவே ஜன்னலைப் பெரிதாக்க வழியிருந்தால் அகலத்தைவிட உயரத்தைக் கூட்டுங்கள். கூரையை ஒட்டிய மேல் அரை மீட்டர் கண்ணாடி, கீழ் அரை மீட்டரைவிடப் பல மடங்கு பயன் தரும். மேசை உயரத்துக்குக் கீழே உள்ள கண்ணாடியால் மேசைக்கு வானொளி நேராக எதுவும் வராது.

இங்கே அடிக்கடி நடக்கும் கெடுதல் இரண்டு. ஒன்று, ஃபால்ஸ் சீலிங் போட்டு ஜன்னலின் மேல்பகுதியை மறைப்பது. இன்னொன்று, திரைச்சீலைக் கம்பியை ஜன்னலின் மேல்விளிம்புக்குக் கீழேயே பொருத்தி, சுருக்கிய துணி பகல் முழுவதும் இரு பக்கமும் கண்ணாடியை மூடியபடி இருப்பது. கம்பியை ஜன்னலைவிட இருபுறமும் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீட்டி, மேல்விளிம்புக்கு மேலே வையுங்கள்.

கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறதே, நம்பலாமா?

அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், விகிதத்தை நம்பலாம். கைபேசியின் ஒளியுணரி சாய்வாக வரும் ஒளியைச் சரியாகப் பிடிக்காது. ஒவ்வொரு கருவியும் வேறு எண் சொல்லும். சீராக மேகம் மூடிய நாளில், விளக்குகளை அணைத்துவிட்டு, அறையின் நடுவே மேசை உயரத்தில் கைபேசியைத் திரை மேல்நோக்கி இருக்கும்படி வைத்துப் படியுங்கள். உடனே மொட்டைமாடிக்குப் போய் அதே கருவியில் படியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 100ஆல் பெருக்கினால் அந்த இடத்தின் பகலொளிக் காரணி. வெயில் அடிக்கும் நாளில் இதைச் செய்தால் விடைக்கு அர்த்தமே இல்லை. குனிந்து பார்க்கும்போது உங்கள் தலை நிழல் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் எத்தனை மணி நேரம் வரும் என்று எப்படிக் கணிப்பது?

முதலில் உண்மையான வடக்கு தெரிய வேண்டும். இரும்புக் கிரில்லுக்குப் பக்கத்தில் கைபேசித் திசைகாட்டியை வைத்தால் பல பாகை தவறாகக் காட்டும்; கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் இதைச் செய்யும். அன்றைய சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் சரிபாதி நேரத்தைக் கணக்கிட்டு, அந்த நிமிடத்தில் மொட்டைமாடியில் ஒரு தூக்குக்குண்டின் நிழலைக் கோடாகக் குறியுங்கள். அந்தக் கோடு வடக்கு–தெற்கு. சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும் நாளில் மட்டும் இந்த முறை உதவாது, நிழல் குட்டையாகிவிடும்.

அடுத்து சூரியனின் உயரம். வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21 வாக்கில் நண்பகல் உயரம் 90லிருந்து ஊரின் அட்சரேகையையும் 23.4ஐயும் கழித்தால் வரும். அட்சரேகை 10 என்றால் 56.6 பாகை, 20 என்றால் 46.6, 40 என்றால் 26.6, 50 என்றால் 16.6. அந்த நேரத்தில் கட்டடத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல் முறையே 0.66, 0.95, 2 மற்றும் 3.35 மடங்கு நீளும். 20 மீட்டர்க் கட்டடம் 10 பாகையில் 13 மீட்டர் நிழல்தான் போடும். 50 பாகையில் 67 மீட்டர் போடும். ஒரே இடைவெளி விதி எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்த நீளங்கள் நண்பகலுக்கு மட்டும். காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீளும்.

மணிக்கணக்கு வேண்டுமானால் சூரியப் பாதையைக் கேமரா காட்சியின் மேல் வரைந்து காட்டும் கைபேசிச் செயலிகள் இருக்கின்றன. ஜன்னலில் நின்று டிசம்பர் 21, மார்ச் 21, ஜூன் 21 ஆகிய மூன்று நாட்களின் பாதையையும் பாருங்கள். பாதை எந்த நேரத்தில் கட்டடத்துக்கு மேலே எழுகிறது, எப்போது மறைகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். பாதையைத் திருத்த, தூக்குக்குண்டு கொடுத்த வடக்கைப் பயன்படுத்துங்கள்.

எங்கள் ஊரில் வெயிலே தொந்தரவுதான். இதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்களுக்குத்தானே?

வெயில் விதிகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை என்பது உண்மை. ஆனால் வெப்பமான ஊரில் வெயிலைத் தடுப்பதும் வெளிச்சத்தை இழப்பதும் வேறு வேறு. நெருக்கமான சந்தில் இருட்டு வீட்டில் பகல் முழுக்க விளக்கு எரிவதும், அந்த விளக்கின் சூடு வீட்டுக்குள்ளேயே தங்குவதும் யாருக்கும் லாபமில்லை. வேண்டியது நிறைய வானம், அளவான வெயில்.

திசைக்குத் திசை வழி மாறும். வட அரைக்கோளத்தில் தெற்கு ஜன்னலுக்குச் சூரியன் உயரத்தில் இருக்கும். சிறிய சன்ஷேடே போதும். 1.2 மீட்டர் உயர ஜன்னலில் நண்பகலில் 60 பாகைச் சூரியனை முழுவதும் தடுக்க 0.7 மீட்டர் நீட்டம் தேவை. அதைவிட நீட்டினால் வானத்தைத்தான் வெட்டுகிறீர்கள். மேற்கிலும் கிழக்கிலும் சூரியன் தாழ்ந்து வருவதால் எவ்வளவு நீட்டினாலும் கிடைச் சன்ஷேடு உதவாது. செங்குத்துத் தடுப்புகளோ வெளிப்புறப் பலகைத் திரையோ வேண்டும். திரையை உள்ளே போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகுதான் தடுக்கப்படுகிறது. சூடு அறைக்குள் வந்துவிட்டது. கடகரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்களில் கோடையின் நடுவே நண்பகல் வெயில் வடக்கிலிருந்தும் வரும். வடக்கு ஜன்னலுக்கு நிழலே வேண்டாம் என்ற பாடம் அங்கே செல்லாது.

ஓடிஎஸ் (கட்டடத்துக்கு நடுவே வானம் பார்க்க விடும் மேல்திறந்த இடைவெளி) வழியாக வெளிச்சம் வரும் என்று கட்டுநர் சொல்கிறார். எவ்வளவு வரும்?

மேல்திறந்த இடைவெளியின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதம்தான் எல்லாம். உயரத்தை, நீள அகலங்களின் கூட்டுத்தொகையால் பெருக்கி, நீள அகலங்களின் பெருக்குத்தொகையின் இரு மடங்கால் வகுங்கள். 15 மீட்டர் உயரத்தில் 3 × 3 மீட்டர் இடைவெளி என்றால் விடை 5. அதே உயரத்தில் 6 × 6 என்றால் 2.5. எண் 1க்குப் பக்கத்தில் இருந்தால் அது முற்றம். 3ஐத் தாண்டினால் கீழ்த்தளத்தில் குளியலறைக்கு மட்டும் ஆகும். அங்கே படுக்கையறை ஜன்னலைத் திறப்பது காகிதத்தில் விதியை நிறைவேற்றும் வேலை.

இது பழைய பாடம். நியூயார்க்கில் 1879 சட்டத்துக்குப் பிறகு எழுந்த குடியிருப்புகளில் ஒவ்வொரு கட்டடத்தின் இடுப்பிலும் ஒடுக்கமான காற்றுக்குழி விட்டார்கள். வெளிச்சம் கீழே எட்டவில்லை. குப்பை கொட்டும் இடமாகவும், தீப்பிடித்தால் புகைபோக்கியாகவும் அவை மாறின. 1901இல் புதிய சட்டம் போட்டு முற்றங்களைப் பெரிதாக்கச் சொன்னார்கள்.

இருக்கும் ஓடிஎஸ்ஸை மேம்படுத்த வழி உண்டு. நான்கு சுவருக்கும் பளபளப்பில்லாத வெள்ளைப் பூச்சு அடித்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். மேல்தள ஜன்னல்களைச் சிறிதாகவும் கீழ்த்தளத்தில் பெரிதாகவும் வையுங்கள். ஜன்னல் ஒளியை விழுங்கும், வெள்ளைச் சுவர்தான் கீழே அனுப்பும். ஏசி வெளிப்புறப் பெட்டிகளை அங்கே மாட்டவே கூடாது: இடத்தையும் அடைக்கும், சூட்டையும் கொட்டும். மழைக்குப் பயந்து மேலே பிளாஸ்டிக் தகடு போடுவது அடுத்த தவறு. ஒன்றிரண்டு வருடத்தில் பாசியும் தூசியும் மஞ்சளும் ஏறி, வெளிச்சமும் காற்றும் சேர்ந்தே நின்றுவிடும்.

கண்ணாடி, கொசுவலை, கிரில் எல்லாம் எவ்வளவு தின்னும்?

தெளிவான ஒற்றைக் கண்ணாடி ஒளியில் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் நிறுத்தும். சாயக் கண்ணாடி பாதியை நிறுத்தலாம். முகம் பார்க்கும் வகை எதிரொளிப்புக் கண்ணாடி முக்கால்வாசிக்கும் மேல். வலை, கிரில், தடித்த சட்டம், அழுக்கு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கப்படும். 0.88 கண்ணாடி, 0.7 வலை, 0.85 சட்டமும் கிரில்லும், 0.9 அழுக்கு என்றால் மிஞ்சுவது 0.47. வாங்கிய ஜன்னலில் பாதியைத்தான் பயன்படுத்துகிறீர்கள். கழற்றிக் கழுவும் வலையைப் பொருத்துங்கள்.

கண்ணாடி வழியாக வரும் வெயிலில் உட்கார்ந்தால் வைட்டமின் டி கிடைக்குமா?

கிடைக்காது. தோலில் அதை உருவாக்கும் புறஊதா-பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும். ஜன்னலைத் திறக்க வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும்.

நல்ல எல்இடி விளக்கு போட்டால் பகலொளி எதற்கு?

படிக்கவும் சமைக்கவும் விளக்கு போதும். உடலுக்குப் போதாது. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில செல்கள் பார்வைக்காக அல்லாமல், இப்போது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காக இருக்கின்றன. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அவை அதிகம் எதிர்வினை தரும். பகலில் 150 லக்ஸ் அறையிலும் இரவில் அதே 150 லக்ஸ் அறையிலும் இருந்தால் அந்தச் செய்தி மங்கிப்போகிறது, தூக்கம் தள்ளிப்போகிறது. குழந்தைகளின் கிட்டப்பார்வைக்கும் வெளியில் இருக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பு பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. நாளுக்கு 2 மணி நேரம் வெளியே என்று கண் மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். விளையாடுமிடத்துக்கு வானம் தெரிவது அலங்காரமல்ல.

வீட்டுக்குள் முடிவது என்ன? எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தை வீட்டிலேயே அதிக வானம் தெரியும் இடத்தில் கழியுங்கள். படிக்கும் மேசையை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள், ஒளி பக்கவாட்டில் விழும்படி போடுங்கள். முதியவர் கட்டிலை உள்ளறையிலிருந்து ஜன்னல் அறைக்கு மாற்றுங்கள். நாள் முழுவதும் வீட்டிலேயே இருப்பவருக்குத்தான் அந்த ஜன்னல் அதிகம் தேவை.

நகரம் நெருங்கத்தான் போகிறது. உயரமாகக் கட்டினால் தானே தரையில் இடம் மிஞ்சும்?

உயரம் ஒரு வழி. ஒரே வழி அல்ல. கட்டடத்தை மனையின் ஓரமாகச் சுற்றி வைத்து நடுவே முற்றம் விட்டால், கோபுரம் தரும் அதே தளப்பரப்பைக் குறைந்த உயரத்தில் பெறலாம் என்று கேம்பிரிட்ஜில் லெஸ்லி மார்ட்டினும் லயனல் மார்ச்சும் 1960களிலேயே காட்டினார்கள்.

கணக்குப் பாருங்கள். 60 × 60 மீட்டர் மனை, எஃப்எஸ்ஐ (மனைப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு என்ற எண்) 2, ஆகத் தளப்பரப்பு 7,200 சதுர மீட்டர். நடுவே 20 × 20 மீட்டர்க் கோபுரம் என்றால் 18 மாடி, 54 மீட்டர். அதையே 12 மீட்டர் ஆழமுள்ள வளையமாக ஓரத்தில் வைத்தால் ஒரு தளத்துக்கு 2,304 சதுர மீட்டர். மூன்று மாடி முழுதாகவும் நான்காவது சிறிதளவும் போதும். உயரம் 12 மீட்டர். நடுவே 36 × 36 மீட்டர் முற்றம். முற்றத்தின் ஒரு பக்க அடியிலிருந்து எதிர்ப்பக்க உச்சியின் கோணம் 18 பாகைதான். வளையத்தின் நான்கு மூலைகளில் உள்ள அறைகள் இருட்டாக வாய்ப்புண்டு. மாடிப்படி, லிஃப்ட், குளியலறைகளை அங்கே தள்ள வேண்டும். தெருப்பக்கமும் போதிய அகலம் வேண்டும். எஃப்எஸ்ஐ 5, 6 என்று ஏறினால் இந்த வழியும் திணறும்; அங்கே கோபுரங்களை ஒன்றுக்கொன்று நேரெதிர் நிற்காமல் விலக்கி வைப்பதும், மேலே போகப் போக உள்வாங்குவதும்தான் மிஞ்சும் வழி. எஃப்எஸ்ஐ எவ்வளவு என்று சண்டையிடும் அளவுக்கு, அதை மனையில் எப்படி அடுக்குவது என்று யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்.

சட்டம் வெளிச்சத்தைக் காப்பாற்றுமா?

நாட்டுக்கு நாடு வேறு. நியூயார்க்கில் 1915இல் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம் நடைபாதையிலிருந்தே நெட்டுக்குத்தாக 160 மீட்டருக்கு மேல் நின்றது. அடுத்த வருடமே, 1916இல், மேலே போகப் போகக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆனால் தனி ஒருவர் பக்கத்து மனைக்காரரிடம் வெயிலைக் கேட்டு வழக்குப் போடுவது அமெரிக்காவில் பொதுவாகப் பலிக்காது. மயாமி பீச்சில் ஒரு ஹோட்டலின் நீச்சல்குளத்தை இன்னொரு ஹோட்டல் நிழலால் மூடிய வழக்கில் 1959இல் அப்படித்தான் தீர்ப்பானது.

இங்கிலாந்தில் 20 வருடம் தடையின்றி ஒரு ஜன்னல் வழியே ஒளி பெற்றிருந்தால் அது உரிமையாகிறது. 1832 சட்டம் சொல்வது. இந்தியாவில் 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் அதே 20 வருடத்தைச் சொல்கிறது. ஆனால் இந்த உரிமை முழு ஒளிக்கானதல்ல. இழப்பு கணிசமானது என்று நிரூபிக்க வேண்டும். "முன்பைவிடக் குறைந்துவிட்டது" என்பது மட்டும் போதாது. தடை எழுந்தது தெரிந்தும் ஒரு வருடம் பேசாமல் இருந்தால் வழக்கு பலவீனப்படும்.

ஜப்பான் 1976இல் நிழலையே நேரடியாகக் கட்டுப்படுத்தியது: குளிர்கால நீள்இரவு நாளில், காலை 8 முதல் மாலை 4 வரை, பக்கத்து மனையில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் நிழல் விழக்கூடாது என்று. ஐரோப்பாவில் 2018இல் வந்த இஎன் 17037 தரம், பிப்ரவரி 1க்கும் மார்ச் 21க்கும் இடையே ஒரு நாளில் வீட்டின் ஓர் அறைக்காவது 1.5 மணி நேர வெயில் என்று குறைந்தபட்சத்தை வைக்கிறது.

பக்கத்தில் பெரிய கட்டடம் வரப்போகிறது. கட்டுநரின் பகலொளி அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், உங்கள் ஜன்னல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்த்தள ஜன்னல்களை விட்டுவிட்டு மேல்தளத்தையும் சேர்த்துச் சராசரி காட்டும் அறிக்கைகள் உண்டு. ஒவ்வொரு ஜன்னலுக்கும் முன், பின் எண்கள் தனித்தனியே வேண்டும்.

சுவர் எதிரொளிப்பு என்ன வைத்தார்கள் என்று கேளுங்கள். எதிர்ச்சுவர் 0.7 என்று கணக்கிட்டுவிட்டு, கட்டும்போது சாம்பல் நிற ஓடு ஒட்டினால் 0.2, 0.3க்கு வந்துவிடும். நிழல் வரைபடங்கள் எந்த நாளுக்கு, எந்த மணிக்கு என்று பாருங்கள்; ஜூன் நண்பகல் படம் மட்டும் கொடுத்தால் டிசம்பர் காலை 9 மணியைக் கேளுங்கள். மொட்டைமாடி அமைப்புகள் கணக்குக்கான கட்டட மாதிரியில் சேர்க்கப்பட்டனவா என்பதும் முக்கியம்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது "20 சதவீதத்துக்குள்தான் குறைகிறது" என்ற வரி. பிஆர்இ வழிகாட்டியில், ஜன்னலில் விழும் வானொளி 27 சதவீதத்துக்குக் கீழே போய், கூடவே பழைய அளவில் 0.8 மடங்குக்கும் குறைந்தால் இழப்பு கண்ணுக்குத் தெரியும் என்று இருக்கிறது. அதாவது 0.8க்கு மேல் இருந்தால் தப்பிக்கலாம். மூன்று கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒவ்வொன்றும் 0.8இல் நின்றால் மிஞ்சுவது 0.51. ஒவ்வொரு அறிக்கையும் சரி. வீடு பாதி இருட்டு. எனவே இன்றைய நிலையை இப்போதே பதிவு செய்துவையுங்கள்: எல்லா ஜன்னலிலும் மறைப்புக் கோணம், தேதி நேரத்தோடு படங்கள், ஜன்னல் எப்போதிலிருந்து இருக்கிறது என்பதற்குப் பழைய வரைபடமும் வரி ரசீதும். ஆட்சேபம் தெரிவிக்கும்போது "கட்டாதீர்கள்" என்பதைவிட, "மேல் இரண்டு மாடியை 4 மீட்டர் உள்வாங்குங்கள், எங்களைப் பார்த்த சுவரை வெள்ளையாக்குங்கள்" என்பது எடுபடும். வெயில் படும் வெள்ளைச் சுவர், தெளிந்த நீல வானத்தின் பெரும்பகுதியைவிடப் பிரகாசமாக இருக்க முடியும். வெயிலே படாத சுவரென்றால் அந்தப் பயன் குறைவு.

ஒளிக்குழாய், கண்ணாடி வைத்துத் திருப்புவது எல்லாம் வேலை செய்யுமா?

மொட்டைமாடிக்குக் கீழே உள்ள தளத்துக்கு ஒளிக்குழாய் நன்றாகவே வேலை செய்யும். குறுகியதாக, நேராக, அகலமாக இருக்க வேண்டும்; ஒவ்வொரு வளைவும் ஒளியைக் குறைக்கும். கூரையைத் துளைத்த இடத்தில் நீர்க்கசிவும், குழாய்க்குள் நீர் கோர்ப்பதும் வழக்கமான கோளாறுகள். மேலே வேறு வீடுகள் இருந்தால் இதை மறந்துவிடுங்கள்.

திருப்புக் கண்ணாடிகள் பெரிய அளவில் நடந்திருக்கின்றன. இத்தாலியின் விகனெல்லா கிராமத்தில் 2006இல் 8 × 5 மீட்டர்க் கண்ணாடி. நார்வேயின் ரியூக்கன் ஊரில் 2013இல் மலைமேல் மூன்று கண்ணாடிகள். மாதக்கணக்கில் மலைநிழலில் கிடக்கும் ஊர்ச் சதுக்கத்துக்கு அவை வெயிலை அனுப்புகின்றன. சூரியனைத் தொடர்ந்து திரும்பும் இயந்திரம் வேண்டும். அசையாத கண்ணாடியை எதிர்ச்சுவரில் மாட்டினால் சில நிமிடம் ஒரு கட்டம் வெயில் வரும், பிறகு யாரோ ஒருவரின் கண்ணில் அடிக்கும்.

எதிரே கண்ணாடிக் கட்டடம் வந்தால் நமக்கு லாபமா?

பெரும்பாலும் இல்லை. கண்ணாடி ஒளியைப் பரப்பாமல் ஒரே திசையில் வீசும்; கூச்சமும் சூடும்தான் மிஞ்சும். உள்வளைந்த முகப்பு இன்னும் ஆபத்து. 2013இல் லண்டனின் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடம் வெயிலைக் குவித்து, கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கியது; பிறகு முகப்பில் தடுப்புப் பட்டிகள் பொருத்தினார்கள்.

மொட்டைமாடி சோலார் தகட்டில் பக்கத்துக் கட்டட நிழல் சிறிதளவுதான் விழுகிறது. பரவாயில்லையா?

நிழல் பரப்பின் அளவுக்கு மட்டும் இழப்பு நிற்காது. தொடராக இணைத்த தகடுகளில் ஒன்று மறைந்தாலும் வரிசை முழுவதும் பாதிக்கப்படலாம். நிழல் விழும் தகடுகளைத் தனி வரிசையாகப் பிரிக்கச் சொல்லுங்கள், அல்லது தகட்டுக்கு ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர் (ஒவ்வொரு தகட்டின் மின்சாரத்தையும் தனியே மாற்றும் சிறு கருவி) கேளுங்கள். நிறுவுவதற்கு முன்பே டிசம்பர் நிழலை மொட்டைமாடித் தரையில் சாக்பீஸால் 9, 12, 3 மணிக்கு வரைந்துவிட்டால் எங்கே வைக்கக்கூடாது என்பது தெரிந்துவிடும்.